நான்கு பெயர்களில் திரிந்த ஒரு பழ ஈ

கீழைநாட்டுப் பழ ஈ என்று பூச்சியியலாளர்கள் குறிப்பிடும் பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ் என்ற ஈயின் பரவல் வரைபடம் அண்மைச் சில பத்தாண்டுகளுக்குள் இரண்டு முறை பெரிதாக மாறியிருக்கிறது. முதல் முறை, 1994இல், ஈ இருந்த இடத்திலேயே இருக்க, வரைபடம் மட்டும் சுருங்கியது. இரண்டாம் முறை, 2015இல், பல ஆண்டுகளாகவே ஈ குடியேறியிருந்த ஒரு கண்டம் முழுவதும் அதே வரைபடத்தில் சேர்க்கப்பட்டது. இரண்டு மாற்றங்களுக்கும் காரணம் வகைப்பாட்டியல்தான். எதை ஓர் இனம் என்று கொள்வது என்ற முடிவுதான். பெயர் சூட்டுவது அருங்காட்சியகத்து வேலை என்றும் பரவலைக் கண்டறிவது தோப்பில் செய்யும் வேலை என்றும் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இந்த ஈயின் கதை நல்ல மறுப்பாக அமையும் என்பதாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஈயைப் பற்றி. டெஃப்ரிட்டிடே என்னும் பழ ஈக் குடும்பத்தைச் சேர்ந்தது இது. அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும் மிகச் சிறிய ஈக்கள் வேறு குடும்பத்தவை. ஆய்வுக்கூடங்களில் மரபியல் ஆய்வுக்காக வளர்க்கப்படுபவையும் அவையே. டோர்சாலிஸ் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் நீளமுள்ளது. முதல் பார்வையில் ஒரு சிறு குளவியைப் போலத் தோன்றும். மார்பின் மேற்புறம் கறுப்பாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும், அதன் இரு ஓரங்களிலும் மஞ்சள் பட்டைகள் ஓடும், வயிற்றின் மேல் ஆங்கில ‘T’ எழுத்தின் வடிவில் ஒரு கறுப்புக் குறி இருக்கும், கண்ணாடி போன்ற இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கருங்கோடு செல்லும். பெண் ஈ தன் கூரிய முட்டையிடும் உறுப்பால் பழத்தோலைத் துளைத்து உள்ளே முட்டைகளை வைக்கிறது. வெளிவரும் வெண்ணிறப் புழுக்கள் சதையைத் தின்று, முழு வளர்ச்சி அடைந்ததும் பழத்தை விட்டு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகின்றன. மா, கொய்யா, பப்பாளி, வாழை, சப்போட்டா, எலுமிச்சை இனங்கள் என்று முந்நூறுக்கும் மேற்பட்ட தாவரங்களின் கனிகளில் இது வளரக்கூடியது. கப்பலிலும் விமானத்திலும் ஏறி இது உலகைச் சுற்றுவதற்கு இந்தப் பரந்த உணவுப் பட்டியலே முதற்காரணம். வெளியே ஒரு ஊசிக்குத்துத் தழும்பைத் தவிர வேறு அடையாளம் இல்லாத பழத்தின் உள்ளே பயணம் செய்யும் புழுவைத் துறைமுக அதிகாரி ஒருவர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதன்று.

பெயரின் வரலாறு இந்தியாவில்தான் தொடங்குகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரிசியஸ் 1794இல் இந்தியாவிலிருந்து கிடைத்த ஈ ஒன்றுக்கு மஸ்கா ஃபெருஜினியா என்று பெயரிட்டார். அதே பெயரை 1763இலேயே ஸ்கோப்போலி வேறோர் ஈக்கு வைத்துவிட்டிருந்ததால், முந்தியதற்கே உரிமை என்ற விதியின்படி ஃபாப்ரிசியஸின் பெயர் செல்லாது. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை இந்திய வேளாண் நூல்களில் ஃபெருஜினியஸ் என்ற பெயரே நடமாடிக்கொண்டிருந்தது. இன்று நாம் பயன்படுத்தும் பெயரை 1912இல் ஆஸ்திரியரான ஃபிரீட்ரிக் ஹெண்டல் தைவானிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு, டாக்கஸ் டோர்சாலிஸ் என்று சூட்டினார். ஆகவே சட்டப்படி இந்த இனத்தின் பிறப்பிடம் தைவான். வகைமாதிரி, அதாவது பெயருக்கு ஆதாரமாக வைக்கப்பட்ட மாதிரி, அங்கிருந்து வந்தது என்பதற்கு மேல் அதற்கு உயிரியல் பொருள் எதுவும் இல்லை. டாக்கஸ் என்ற பேரினத்திலிருந்து பாக்ட்ரோசெராவைத் தனிப் பேரினமாகப் பிரிக்கும் வழக்கம் 1989இல் ஆஸ்திரேலியரான ட்ரூவின் பணிக்குப் பிறகே நிலைபெற்றது. பழைய இலங்கை, இந்தியக் குறிப்புகளைப் படிக்கும்போது ஒரே ஈ மூன்று நான்கு பேரினப் பெயர்களில் வருவதைக் கண்டு குழம்ப வேண்டியதில்லை.

இந்த ஈயின் பரவலைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி ஒரு வாசனைப் பொருளால் கிடைத்தது. பீகாரின் பூசாவில் இருந்த வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், கொசுவை விரட்டக் கைக்குட்டையில் சிட்ரொனெல்லா எண்ணெய் தெளித்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரை ஈக்கள் மொய்த்துத் தொல்லை செய்ததைக் கவனித்தார். வந்தவை எல்லாம் ஆண் பழ ஈக்கள். 1912இல் இதை வெளியிட்ட அவர், 1915இல் அந்த ஈர்ப்புக்குக் காரணமான பொருள் மீத்தைல் யூஜினால் என்பதைக் கண்டார். துளசியிலும் இதே பொருள் இருப்பதால்தான் மாம்பழக் காலத்தில் எங்கள் வீட்டுத் துளசிச் செடியின் இலைகளில் பழ ஈக்கள் வந்து உட்கார்ந்து நக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க முடிகிறது. பழமே இல்லாத செடிக்கு அவை ஏன் வருகின்றன என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். ஆண் ஈ இந்தப் பொருளை உட்கொண்டு, உடலில் மாற்றி, மலக்குடற் சுரப்பியில் சேமித்து, அந்தி நேரத்தில் பெண்ணை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொருளாக வெளியிடுகிறது.

இன்று தமிழ்நாட்டு மாந்தோப்புகளில் தொங்கும் பிளாஸ்டிக் பொறிகளுக்குள் இருப்பதும் அதே மீத்தைல் யூஜினாலும் சிறிது பூச்சிக்கொல்லியும்தான். உலகின் பல நாடுகள் துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் இந்தப் பொறிகளைத் தொங்கவிட்டு, ஈ வந்து சேர்ந்ததா என்று பார்க்கின்றன. பொறிக்கு இரண்டு குறைகள் உண்டு. ஆண் ஈக்கள் மட்டுமே அதில் விழும். டோர்சாலிஸைப் போலவே மீத்தைல் யூஜினாலை நாடும் வேறு பல இனங்களும் அதே பொறியில் விழும். எனவே பொறியில் கிடைத்த ஈயைப் பெயர் சொல்லிப் பிரித்தால்தான் வரைபடத்தில் புள்ளி வைக்க முடியும். சிக்கல் எழுந்ததும் அந்த இடத்தில்தான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நிலைமை எளிமையாக இருந்தது. பாகிஸ்தான், இந்தியா, இலங்கை தொடங்கித் தென்சீனா, தைவான், தென்கிழக்காசியா வரை இருந்த ஒரே மாதிரியான ஈக்கள் அனைத்தும் டோர்சாலிஸ் என்றே கொள்ளப்பட்டன. இரண்டாம் உலகப் போரின் படைப் போக்குவரத்தோடு அது பசிபிக் தீவுகளுக்குள் நுழைந்தது. 1940களின் நடுவில் ஹவாயில் கண்டறியப்பட்டு, சில ஆண்டுகளிலேயே அங்கே முதன்மையான பழப் பூச்சியாகிவிட்டது. மரியானா தீவுக்கூட்டத்தின் ரோட்டாவில், மீத்தைல் யூஜினாலும் பூச்சிக்கொல்லியும் ஊறவைத்த சிறு நார்த்துண்டுகளை விமானத்திலிருந்து வீசி, ஆண் ஈக்கள் அனைத்தையும் அழித்து, 1960களில் ஈயையே ஒழித்துக் காட்டினார்கள். ஜப்பான் அதே வழியைத் தன் தென்தீவுகளில் பின்பற்றி, ஒகசவாரா தீவுகளில் மலட்டு ஆண் ஈக்களைப் பறக்கவிடும் முறையையும் பயன்படுத்தி, 1986இல் தன் நிலப்பரப்பிலிருந்து ஈயை முற்றிலும் அகற்றியது. ஓர் இனத்தின் பரவல் எல்லையை மனிதர்கள் வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளிய அரிதான நிகழ்வுகள் இவை.

எதிர்த்திசையில் தென்னமெரிக்காவில் ஒன்று நடந்தது. சூரினாமில் 1975இல் சேகரிக்கப்பட்ட சில பழ ஈக்கள் 1986இல்தான் ஆராயப்பட்டு, டோர்சாலிஸ் என்று பெயர் பெற்றன. ஜாவாத் தீவிலிருந்து குடியேறிய மக்கள் வாழும் நாடு அது. இந்தோனேசியாவோடு இருந்த போக்குவரத்தில் ஈ வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. அது பிரெஞ்சு கயானாவுக்கும், 1996இல் பிரேசிலின் வடகோடியில் உள்ள ஒயாபோக்குக்கும் பரவியது. ஆனால் அதற்குள் அந்த ஈயின் பெயரே மாறிவிட்டிருந்தது.

1994இல் ட்ரூவும் ஹான்காக்கும் ஆசியாவின் டோர்சாலிஸ் கூட்டத்தை முழுமையாக மறுஆய்வு செய்து, அதற்குள் 52 இனங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அவற்றில் 40 புதியவை. தாய்லாந்தின் தெற்கிலிருந்து மலேசியா, இந்தோனேசியா வரை இருந்தது பப்பாயே ஆனது. பிலிப்பைன்ஸில் இருந்தது பிலிப்பினென்சிஸ் ஆனது. தமரத்தங்காயில் மிகுதியாகக் காணப்பட்டது கராம்போலே ஆனது. சூரினாமுக்குப் போனதும் அதுவே. இலங்கையின் மலைநாட்டிலிருந்து கண்டியென்சிஸ் என்ற ஒன்றும் பெயர் பெற்றது. டோர்சாலிஸ் என்ற பெயர் இந்தியத் துணைக்கண்டம், வட தாய்லாந்து, சீனா, தைவான் பக்கமாக ஒதுங்கியது. மலாய்த் தீபகற்பத்தின் ஒடுங்கிய இடையான கிரா பூசந்தி, வடக்கே டோர்சாலிஸுக்கும் தெற்கே பப்பாயேவுக்கும் இடையிலான எல்லை போல ஆயிற்று. இந்தப் பிரிப்பை இன்று கேலி செய்வது நியாயமன்று. பதப்படுத்திய மாதிரிகளின் உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒழுங்கற்றுக் கிடந்த ஒரு பெருங்கூட்டத்தை வரிசைப்படுத்திய உழைப்பு அது. அந்த 40 பெயர்களில் பெரும்பாலானவை இன்றும் நிற்கின்றன. விழுந்தவை சில மட்டுமே; மிகவும் கேடு விளைவிக்கும் பப்பாயேவும் பிலிப்பினென்சிஸும் அவற்றில் அடங்கும். அவற்றைத்தான் உலகம் அதிகமாகப் பார்த்தது.

பெயருக்கு உடனே பணமதிப்பு ஏற்பட்டது. 1995இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கெய்ன்ஸ் நகரைச் சுற்றி ஈ கண்டறியப்பட்டபோது அதைப் பப்பாளிப் பழ ஈ என்றே அழைத்தார்கள். பல கோடி டாலர் செலவில் 1999க்குள் ஒழித்தார்கள். தனித்தனி இனங்கள் என்றால் தனித்தனி இறக்குமதி விதிகள் வேண்டும். ஒவ்வொன்றையும் கொல்லத் தேவையான வெப்பமும் குளிரும் கதிர்வீச்சளவும் தனித்தனியே நிறுவப்பட வேண்டும். பிலிப்பைன்ஸ் மாம்பழத்துக்கு ஒரு சான்றிதழ், தாய்லாந்து மாம்பழத்துக்கு வேறொன்று என்ற நிலை அப்படித்தான் உருவானது.

2003இல் கென்யாவின் கடற்கரைப் பகுதியில் வைத்த பொறிகளில் எவருக்கும் பழக்கமில்லாத ஓர் ஈ விழுந்தது. அதே ஆண்டு தான்சானியாவிலும் அது கிடைத்தது; பிறகு வியக்கத்தக்க வேகத்தில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. மார்பின் நிறம் சிலவற்றில் முழுக் கறுப்பு, சிலவற்றில் முழுச் செம்பழுப்பு, பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் இடைப்பட்ட பல்வேறு கலவைகள் என்று இருந்ததால் எந்தப் பெயரிலும் அதை அடக்க முடியவில்லை. அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இலங்கையில் கிடைத்தது. அங்கே சேகரிக்கப்பட்டிருந்த ஈக்களிலும் அதே நிற வேறுபாடுகள் இருந்தன. 2005இல் ட்ரூ, ட்சுருட்டா, வைட் ஆகிய மூவரும் இலங்கையையும் ஆப்பிரிக்காவையும் வாழிடங்களாகக் குறிப்பிட்டு இன்வாடென்ஸ் என்று பெயரிட்டார்கள். ஆப்பிரிக்காவில் அதன் விளைவு கடுமையானது. கென்யாவின் மாந்தோப்புகளில் உள்நாட்டு இனமான செராடிடிஸ் காசிராவைச் சில ஆண்டுகளுக்குள் ஓரங்கட்டி, தானே முதன்மைப் பூச்சியானது. 2008இல் அமெரிக்கா, இன்வாடென்ஸ் உள்ள ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அது தாக்கும் பழங்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். ஆப்பிரிக்காவுக்கு வந்தது ஒரு புதிய இனம் என்று சொன்னபோது, அதன் தாயகமாக இலங்கையைச் சுட்ட வேண்டியிருந்தது. அப்படியானால் இலங்கையிலும் இந்தியாவிலும் நூறாண்டுகளாக டோர்சாலிஸ் என்று குறிக்கப்பட்டு வந்தவற்றில் எது எது? மாந்தோப்பிலிருந்து ஒரு பொறியைக் கழற்றிக் கொட்டினால், கறுப்பு மார்பு உள்ளதும் சிவந்த மார்பு உள்ளதும் ஒன்றாகவே விழும். நிறத்தை வைத்து அவற்றை இரண்டு இனங்களாக அடுக்குவதற்குத் தோப்பில் எந்த ஆதாரமும் இல்லை.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் பன்னாட்டு அணுசக்தி முகமையும் சேர்ந்து இந்தக் கேள்வியைத் தீர்க்க ஓர் ஆய்வுத் திட்டத்தை ஒருங்கிணைத்தன. அணுசக்தி முகமைக்கு ஈயோடு என்ன உறவு என்று கேட்கலாம். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிடும் முறைக்கு அந்த முகமையே துணைநிற்கிறது. பறக்கவிடும் ஆண், அந்த ஊர்ப் பெண்ணோடு இணைசேரும் இனமாக இல்லாவிட்டால் முழுச் செலவும் வீண். ஆகவே அவர்களுக்கு இனம் என்ற சொல்லின் பொருள் மிக நடைமுறையானது: இவை ஒன்றோடொன்று கூடுமா, கூடாதா?

சுமார் இருபது நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது ஆய்வாளர்கள் கொடுத்த விடைகள் ஒரே திசையைக் காட்டின. பெரிய வலைக்கூண்டுகளுக்குள் டோர்சாலிஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ் மூன்றையும் சேர்த்துவிட்டபோது அவை வேற்றுமை பாராமல் இணைசேர்ந்தன. அவற்றின் சந்ததியும் இனப்பெருக்க வளத்தோடு இருந்தது. பப்பாயேவைப் பிரிக்கப் பயன்பட்ட ஆணுறுப்பு நீளமும் பெண்ணின் முட்டையிடும் உறுப்பின் நீளமும், வடக்கிலிருந்து தெற்கே போகப் போகச் சிறிது சிறிதாக மாறினவே தவிர, கிரா பூசந்தியில் எந்த முறிவும் இல்லை. இறக்கை வடிவமும் டி.என்.ஏ.யும் அதையே சொன்னன. எனக்கு மிகவும் வலுவானதாகத் தோன்றும் சான்று வேதியியலிலிருந்து வந்தது. மீத்தைல் யூஜினாலைத் தின்ற டோர்சாலிஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வாடென்ஸ் ஆண்கள் நான்கும் சுரப்பியில் அதே இரண்டு பொருள்களைச் சேர்க்கின்றன; கராம்போலே அவற்றுள் ஒன்றான கோனிஃபெரைல் ஆல்கஹாலை மட்டுமே சேர்க்கிறது. ஈ தானே தன் துணையை அடையாளம் காணப் பயன்படுத்தும் மணம் இது என்பதால், நாம் உருப்பெருக்கியில் பார்க்கும் நிறத்தைவிட இதற்கு அதிக எடை கொடுக்க வேண்டும் என்றே கருதுகிறேன்.

பிலிப்பினென்சிஸை 2013இல் ட்ரூவும் ரோமிக்கும் பப்பாயேவுக்குள் அடக்கினார்கள். 2015இல் ஷுட்சேயும் கூட்டாளிகளும் பப்பாயேவையும் இன்வாடென்ஸையும் டோர்சாலிஸின் இணைப்பெயர்களாக்கினார்கள், அதாவது ஒரே இனத்தின் வேறு பெயர்கள் என்று அறிவித்தார்கள். கராம்போலே தனி இனமாகவே நின்றது. எல்லோரும் இதை ஒரே மனதோடு ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பயிர்ப் பாதுகாப்பு அமைப்புகள் பெரும்பாலும் புதிய முடிவின்படியே நடக்கின்றன. அதன்படி இன்றைய டோர்சாலிஸ், பாகிஸ்தான் முதல் தைவான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரையும், சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியிலும், மடகாஸ்கர், ரீயூனியன் உள்ளிட்ட இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும், ஹவாய், தாஹிட்டி போன்ற பசிபிக் தீவுகளிலும் இருக்கிறது. கலிபோர்னியாவில் அது அடிக்கடி நுழைகிறது, அடிக்கடி ஒழிக்கப்படுகிறது. ஃபுளோரிடாவில் 2015இல் பெரிதாகத் தலைகாட்டி அடுத்த ஆண்டு ஒழிக்கப்பட்டது. 2018இல் இத்தாலியின் கம்பானியா வட்டாரப் பொறிகளில் விழுந்தது. குளிர்காலத்தில் உறைபனி நீடிக்கும் இடங்களில் அது நிலைத்து வாழ்வதில்லை; ஐரோப்பாவின் பெரும்பகுதியைக் காத்துவந்த வேலி அதுவே.

ஒன்றாக்கிய பிறகு அதன் தாயகத்தைப் பற்றிய கேள்வியும் புதிய உருவம் பெற்றது. பெயர் தைவானிலிருந்து வந்திருந்தாலும், அண்மைய மரபணுத்தொகுதி ஆய்வு தென்னிந்தியப் பகுதியைத் தொடக்க இடமாகச் சுட்டுகிறது. ஆப்பிரிக்காவுக்குச் சென்றவையும் தெற்காசியாவிலிருந்து சென்றவையே என்பதற்கு மரபியல் சான்றுகள் உண்டு. இந்திய மாம்பழ ஏற்றுமதியாளர்களுக்கு இது மகிழ்ச்சியான செய்தி அன்று. பழ ஈ காரணமாக மூடிய ஜப்பான் சந்தை, நீராவி வெப்பமூட்டல் முறை வந்த பிறகு 2006இல்தான் திறந்தது. அமெரிக்கா 2007 முதல் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பழங்களை மட்டும் ஏற்கிறது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை அடுத்த ஆண்டின் தொடக்கத்தில்தான் நீங்கியது.

பெயர்கள் குறைந்துவிட்டதால் நம் பக்கத்துத் தோப்புகளில் வேலை முடிந்துவிட்டது என்று பொருளில்லை. தமிழ்நாட்டில் மீத்தைல் யூஜினால் பொறி ஒன்றைத் திறந்தால் குறைந்தது நான்கு இனங்களை எதிர்பார்க்கலாம். ஸோனாட்டாவையும் கரெக்டாவையும் பிரிப்பது எளிது. அவற்றின் இறக்கை விளிம்பிலுள்ள கருங்கோடு தொடர்ச்சியாக ஓடாமல், நுனியில் ஒரு புள்ளியாக மட்டும் தெரியும். தென்னிந்தியாவுக்கு உரிய காரியே, 1971இல் கபூரால் பெயரிடப்பட்டது, டோர்சாலிஸோடு மிக எளிதாகக் குழம்பக்கூடியது. அதன் கால்களின் தொடைப்பகுதியில் உள்ள கருந்திட்டுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். இலங்கையில் அதே சங்கடத்தைக் கண்டியென்சிஸ் தருகிறது. டி.என்.ஏ. பட்டைக்குறியீடு என்று பரவலாகப் பயன்படும் மரபணுத் துண்டு இந்த நெருங்கிய இனங்களை நம்பத்தகுந்த முறையில் பிரிப்பதில்லை. கராம்போலேவைப் பிரிக்கும் வேறொரு மரபணுப் பகுதி கிடைத்திருக்கிறது. ஆனால் காரியே, கண்டியென்சிஸ் பற்றிய ஆய்வுகள், வணிகத்தில் பெரிதும் பேசப்பட்ட அந்த நான்கு பெயர்களுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்கைக்கூடப் பெறவில்லை. பொறியில் விழுந்த கறுப்பு ஈக்கள் அனைத்தையும் டோர்சாலிஸ் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளும் பழைய பட்டியல்களை, தொடைத் திட்டுகளைப் பார்த்து மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.